பேய் வரலையா? இங்கிலீஷில் பேய்க்கதை எழுதும் பிள்ளைகளுக்குப் பழுது பார்க்கும் குறிப்பு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள். கூடவே நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுப் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள் இரண்டு மூன்று பேர். ஐப்பசி மழை தொடங்கி, சாயங்காலம் கரண்ட் போகிற நாட்களில் எல்லாருக்கும் ஒரே வேலைதான்: இங்கிலீஷில் ஒரு பேய்க்கதை. 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஓர் ஆள், ஓர் இடம், ஒரே ராத்திரி.

வருஷா வருஷம் அதே பழுதுகள்தான். வண்டிச் சத்தத்தைக் கேட்டே மெக்கானிக் சொல்லிவிடுகிற மாதிரி, முதல் மூன்று வரியில் எனக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற டீச்சர்களுக்கும், வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற அம்மா அப்பாக்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

எந்தப் பழுதானாலும் முதல் வேலை, பிள்ளையை எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்வது. பாதிப் பழுது அவர்கள் காதிலேயே விழுந்துவிடும். இங்கே இங்கிலீஷ் வரிகளைக்கூட தமிழ் எழுத்தில் போட்டிருப்பது அதனால்தான். ஸ்பெல்லிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## தாள் வெறுமையாகவே இருக்கிறது

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். "இங்கிலீஷ் வரலை டீச்சர்" என்பார்கள். நம்ப வேண்டாம். பெரும்பாலும் வராமல் இருப்பது இங்கிலீஷ் இல்லை, இடம்.

தமிழில் கேளுங்கள்: "மக்களே, ராத்திரி எங்க ஒத்தைக்குப் போவ மாட்ட?" ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார்கள். "வீட்டுக்குப் பொறத்த கெணறு ஒண்ணு உண்டு டீச்சர்." "ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டு." "பழைய வீட்டு மச்சு." இடம் கிடைத்துவிட்டது. அடுத்து மூன்று கேள்வி: அங்கே என்ன சத்தம் கேட்கும்? என்ன மணக்கும்? கையில் என்ன படும்?

குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படித்தான் வாயைத் திறந்தான். அவன் அப்பா விடியுமுன்பே தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். ஷெட்டில் உறைந்த பாலின் புளித்த வாடை, இருட்டில் சிரட்டை தட்டுப்படுவது, வெயில் காலத்தில் ரப்பர்க்காய் படாரென்று வெடித்துக் கொட்டை தகரத்தில் விழுவது என்று சொல்லிக்கொண்டே போனான். அந்தக் கொட்டைச் சத்தம் ஒன்று போதும், பாதிக் கதை. 'சம்திங் ஹிட் தி ரூஃப்' என்று முதல் வரியை அவனே எழுதினான். நான்கு சொல், பிழையே இல்லை.

இதற்குப் பிறகும் தாள் வெறுமையாக இருந்தால், தமிழில் சொல்லச் சொல்லி நீங்கள் கேளுங்கள், எழுத வேண்டாம். தமிழிலும் கதை வரவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பசியாக இருக்கும்.

## ஜான் என்பவன் பனி பெய்யும் கோட்டைக்குள் போகிறான்

கதாநாயகன் பெயர் ஜான். ஊரில் ஜான்கள் நிறைய உண்டுதான், ஆனால் இந்த ஜான் ஓநாய் ஊளையிடும் காட்டில் கோட் போட்டுக்கொண்டு நடப்பான். பேய்க்கு இங்கிலீஷ் தெரியுமென்றால் அது சீமையில்தான் இருக்கும் என்று பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு.

சோதனை சுலபம். அந்தக் கோட்டைக் கதவு மரமா இரும்பா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், தரை என்ன தரை என்று கேளுங்கள். பதில் வராது. கோட்டையை எடுத்துவிட்டுப் பிள்ளை கால் வைத்த இடம் ஒன்றை வையுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளியிலிருந்து எல்லாரும் போயிருப்பார்கள். பகலிலேயே இருட்டாக இருக்கும் உள்வழியும், வெறுங்காலில் ஜில்லென்று படும் கருந்தரையும் நினைவிருக்கும். மாத்தூர் தொட்டிப்பாலமும் நல்ல இடம். 115 அடி உயரத்தில், பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற தொட்டி, கீழே பரளியாறு. அதன் நடுவில் நிற்கும்போது பின்னால் ஒரு காலடி கேட்டால் ஓடவும் இடம் கிடையாது. பனி, ஓநாய் எதுவும் வேண்டாம்.

## பேய் முதல் வரியிலேயே வந்துவிட்டது

'ஒன் டே ஐ சா எ கோஸ்ட்.' முடிந்தது கதை. பரீட்சையில் விடையை முதலில் எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும்.

அந்த வரியைக் கத்தரித்து அடியில் ஒட்டுங்கள். நான் உண்மையிலேயே கத்தரிக்கோல் வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். இப்போது மேலே காலியான இடத்தில் மூன்று அடையாளம் வர வேண்டும், மூன்றும் சின்னது, ஒன்றைவிட அடுத்தது கொஞ்சம் கிட்டே. கிணற்றுக் கப்பி தானாகச் சுற்றுகிறது. வாளி மேலே வருகிறது. வாளிக் கயிற்றில் நீளமாக ஒரு முடி. பேய் என்ற சொல்லே இனி தேவைப்படாமல் போகும், போனால் போகட்டும்.

## வெரி வெரி ஸ்கேரி, ஆனால் பயம் வரவில்லை

'இட் வாஸ் வெரி ஸ்கேரி. ஐ வாஸ் வெரி வெரி ஃபியர்.' இரண்டாவதில் ஒரு நிமிட வேலை இருக்கிறது: ஃபியர் என்பது பயம், பயந்துபோனேன் என்பதற்கு 'ஐ வாஸ் அஃப்ரெய்ட்'. அதைத் திருத்திவிட்டுப் பெரிய வேலைக்கு வாருங்கள்.

ஸ்கேரி, ஹாரிபிள், டேஞ்சரஸ், டெரர் எல்லாவற்றையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் உடம்பில் நடந்ததையோ காதில் கேட்டதையோ எழுதச் சொல்லுங்கள். 'மை மவுத் வாஸ் டிரை.' 'ஐ குட் நாட் ஃபைண்ட் தி ஸ்விட்ச்.' வாய் உலர்ந்தது, ஸ்விட்ச் கைக்கு அகப்படவில்லை. இருட்டில் சுவரைத் தடவாதவர் யார்?

சத்தத்துக்குத் தனி வினைச்சொற்கள் வேண்டும், இது ஒரு நாள் பாடம். ஊர்ச் சத்தத்தை முதலில் சொல்லி, சொல்லைப் பிறகு கொடுத்தால் மறக்காது. பழைய கதவு கீறீச்சென்றால் 'க்ரீக்'. தென்னோலை உரசினால் 'ரசில்'. குழாய் சொட்டினால் 'டிரிப்'. ஆளில்லாத அறையில் நாற்காலி தரையில் உரசினால் 'ஸ்க்ரேப்'. ஓட்டுக்கு மேல் எலி ஓடினால் 'ஸ்கட்டில்'. எலி இல்லை என்று தெரிந்த பிறகும் அதே சொல்தான். ஒரு கதைக்கு இரண்டு போதும். ஐந்தும் போட்டால் பேய் வீடு பட்டறை ஆகிவிடும்.

'சடன்லி' பற்றி ஒரு வார்த்தை. கதைக்கு ஒன்றுதான் அனுமதி. ஒரு பிள்ளை பதினொன்று போட்டிருந்தாள், எண்ணிப் பார்த்தேன்.

## காலம் தடுமாறுகிறது

'ஐ ஆம் கோயிங் ஹோம். எ டாக் பார்க்ட். ஐ ரன்.' கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். நாம் தமிழில் கதை சொல்லும்போது இப்படித்தான் தாவுகிறோம்: "நேத்து வந்துட்டிருக்கேன், பாத்தா ஒரு நாய் நிக்குது, நான் ஓடுனேன்." தமிழ் வாய்க்கு அது இயல்பு. இங்கிலீஷ் கதையில் அந்தத் தாவல் ஒட்டாது.

வினைச்சொல் ஒவ்வொன்றையும் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கேள்வி. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததா? 'இட் வாஸ் ரெய்னிங்.' அப்போது சட்டென நடந்ததா? 'தி பஸ் லெஃப்ட்.' நாம் வருமுன்பே முடிந்துவிட்டதா? 'சம்ஒன் ஹேட் லாக்ட் தி கேட்.' பேய்க்கதைக்கு இந்த மூன்றாவதுதான் தங்கம். நாம் வருவதற்கு முன்னால் யாரோ வந்துபோயிருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு 'ஹேட்' சொல்லிவிடும். எட்டாம் வகுப்பில் இலக்கணப் புத்தகத்தை வைத்துப் பத்து நாள் சொல்லிப் புரியாத 'ஹேட்', பூட்டிய கேட்டை வைத்துச் சொன்னால் பத்து நிமிடத்தில் புரிகிறது.

## ஒன் லேடி ஸ்டாண்டிங் நியர் வெல்

எனக்குப் பிடித்த பழுது இதுதான். 'எ', 'தி' இரண்டும் நமக்குக் கிடையாது. அதனால் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள், அல்லது 'ஒரு' வரும் இடமெல்லாம் 'ஒன்' போடுகிறார்கள். பாடத்தில் இது வெறும் மதிப்பெண் விஷயம். பேய்க்கதையில் உயிரே இதில்தான் இருக்கிறது.

முதல் சோதனை, தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது. 'யாரோ ஒரு' என்று வந்தால் 'எ'. 'அந்த' என்று வந்தால் 'தி'. 'தேர் வாஸ் எ உமன் பை தி வெல். தி உமன் வாஸ் வெட்.' யாரோ ஒரு பெண், நம் வீட்டு அந்தக் கிணறு. பிறகு அந்தப் பெண். முக்கால்வாசி இதிலேயே சரியாகிவிடும்.

மீதியில் மூன்று இடம் உதைக்கும். நிலாவுக்குத் தமிழில் 'அந்த' போட மாட்டோம், ஆனால் 'தி மூன்'. ரத்தத்தை எண்ண முடியாது, ஆகவே 'எ பிளட்' தப்பு. 'எ டிராப் ஆஃப் பிளட்' என்று சொட்டை எண்ணலாம். தலைவிரி கோலத்துக்கு 'ஹேர்ஸ்' வேண்டாம்: 'ஹெர் ஹேர் வாஸ் லூஸ்'. வாளிக் கயிற்றில் ஒட்டிய ஒற்றை முடி என்றால் மட்டும் 'எ ஹேர்'.

இது கைவந்த பிள்ளைக்கு அடுத்த வித்தை. முன்பு சொல்லாத ஒன்றுக்கு வேண்டுமென்றே 'தி' போடுவது. 'தி கேர்ள் வாஸ் பேக்.' எந்தப் பெண்? இதற்கு முன் அவளைப் பற்றிப் பேச்சே இல்லையே. கதை சொல்கிறவனுக்கு அவளை ஏற்கெனவே தெரியும் என்பது ஒரு சொல்லில் வந்துவிட்டது. சாதாரணக் கட்டுரையில் இதற்கு அரை மதிப்பெண் போகலாம். என் வகுப்பில் போகாது.

கூடவே 'ஷீ', 'இட்' இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். இது நமக்குத் தெரிந்த வித்தைதான். "அவ வந்தா" என்று சொல்லிக்கொண்டிருந்த பாட்டி, நடுவில் "அது வந்துச்சு" என்று மாற்றினால் பாயை இழுத்து மூடிக்கொள்வோமே. 'ஷீ ஸ்டுட் அட் தி கேட். ஷீ ஸ்மைல்ட். தென் இட் டர்ன்ட் இட்ஸ் ஹெட்.' கடைசி வரியில் மாறியது ஒரு சின்னச் சொல். வகுப்பில் இதை வாசித்தபோது ஒன்பதாம் வகுப்புப் பயல்கள்கூட அமைதியானார்கள்.

## கதவு கோஸ்டால் திறக்கப்பட்டது

'தி டோர் வாஸ் ஓப்பன்ட் பை கோஸ்ட். தி லைட் வாஸ் ஆஃப்டு. கரண்ட் வென்ட்.'

செயப்பாட்டு வினையை அப்போதுதான் பள்ளியில் முடித்திருப்பார்கள். அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். 'பை கோஸ்ட்' என்றவுடன் குற்றவாளி பிடிபட்டுவிட்டான், பயம் போய்விட்டது.

தமிழில் கேளுங்கள்: விளக்கை அணைச்சானா, விளக்கு அணைஞ்சுதா? கயிறை அசைச்சானா, கயிறு அசைஞ்சுதா? எந்தப் பிள்ளையும் உடனே சொல்லும், அணைஞ்சுது, அசைஞ்சுது என்று. அந்த 'அணைஞ்சுது'வுக்கு இங்கிலீஷிலும் ஆள் இல்லாத வினை உண்டு. 'தி லைட் வென்ட் அவுட்.' 'தி டோர் ஓப்பன்ட்.' 'தி ரோப் மூவ்ட்.' 'தி ஃபேன் ஸ்டாப்ட்.' யார் செய்தது என்று வாக்கியம் சொல்லாது, வாசிக்கிறவர் தேடட்டும். கரண்ட் போனதற்கு 'தி பவர் வென்ட் அவுட்'. நம் ஊரில் 'கரண்ட் வென்ட்' என்றால் எல்லாருக்கும் புரியும், லண்டன் பரீட்சைக்காரருக்குப் புரியாது.

அதே மாதிரி ஒன்று. நர்சிங் பிள்ளை ஒருத்தி, வழிமறித்துச் சுண்ணாம்பு கேட்கும் யட்சியை அழகாக எழுதினாள். எங்கள் பக்கத்து யட்சியான கள்ளியங்காட்டு நீலியின் கதை கேட்டு வளர்ந்தவள். 'ஷீ ஆஸ்க்ட் மீ ஃபார் லைம்' என்று எழுதிவிட்டாள். இலக்கணம் சுத்தம். ஆனால் வெளியூர்க்காரர் வாசித்தால் யட்சி எலுமிச்சை ஜூஸ் போட வந்தாள் என்றுதான் நினைப்பார், அந்தச் சொல் இரண்டுக்கும் பொது. 'லைம் ஃபார் ஹெர் பீட்டில் லீஃப்' என்று வெற்றிலையைச் சேர்த்தோம், யட்சி திரும்பி வந்தாள்.

## கடைசியில் எல்லாம் கனவு

'தென் ஐ வோக் அப்.' எப்படி முடிப்பது என்று தெரியாமல் தப்பித்து ஓடுகிற வழி இது. கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டு வாசியுங்கள். பாதிக் கதைகள் அங்கேயே நன்றாக முடிந்திருக்கும். முடியாவிட்டால், காலையில் மிஞ்சிய ஒரு பொருளைக் கேளுங்கள். திண்ணையில் ஈரக்கால் தடம், போகிற தடம் மட்டும், வந்த தடம் இல்லை. பொருளைச் சொல், விளக்காதே. அவ்வளவுதான்.

## கதை ரொம்ப நன்றாக இருக்கிறது

நேற்று வரை 'ஐ ஆம் கோ' என்று எழுதியவன் இன்று நீளநீளமான வாக்கியத்தில் நிலவொளியை வர்ணித்தால், எழுதியது போன். சண்டை போடாதீர்கள். கடினமான மூன்று சொல்லைத் தொட்டு, தமிழில் என்ன என்று கேளுங்கள், முழிப்பான். "சரி, இதை உனக்கத் தம்பிக்குச் சொல்லுகது மாதிரி சொல்லு" என்று போனை வாங்கி வைத்துவிட்டு மறுபடி எழுத வையுங்கள். சுமாராக எழுதுவான். அந்தச் சுமாரைத்தான் திருத்த முடியும்.

## எத்தனை முறை திருத்தினாலும் அதே இடம் உடைகிறது

இங்கே நம் வேலை முடிந்து வேறு ஆளைக் கூப்பிடும் கட்டம் வரலாம். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை கூடினால் கண். முன் பெஞ்சில் உட்கார வைத்துப் பாருங்கள். மாற்றம் தெரிந்தால் கண் டாக்டரிடம் அனுப்புங்கள். சொல்லின் கடைசியில் வரும் 'ட்', 'ஸ்' ஒலிகள் தொடர்ந்து விட்டுப்போனால், பெரும்பாலும் நம் உச்சரிப்புப் பழக்கம்தான். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால் காதையும் சோதிக்க வேண்டும்.

வாயால் கதையை அருமையாகச் சொல்கிற பிள்ளை, தாளில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறது, வாசிக்கும்போது வரி தாண்டுகிறது, இங்கிலீஷில் மட்டுமல்ல தமிழிலும் இப்படி என்றால், அது சோம்பல் இல்லை. நான் ஒரு பையனை இரண்டு வருஷம் சோம்பேறி என்று சொன்னேன். இப்போதும் உறுத்துகிறது. கற்றல் குறைபாட்டுக்குச் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், உளவியலாளர் சோதித்துச் சொல்வார். சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. அதுவரை கதையை வாயால் சொல்ல விட்டு நீங்கள் எழுதுங்கள்.

## கதையில் பிழை இல்லை, பிள்ளையின் கை நடுங்குகிறது

அபூர்வம்தான், ஆனால் பேய்க்கதை எழுதச் சொல்கிற யாரும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

பேய்க்கு வீட்டு ஆள் ஒருவரின் சாயல் இருந்தால், அது ராத்திரி அறைக்குள் வருகிறது என்று திரும்பத் திரும்ப எழுதினால், வாசிக்கச் சொன்னால் மறுத்தால், பேனாவைக் கீழே வையுங்கள். வகுப்பில் வாசிக்க வைக்காதீர்கள், நீங்களே விசாரணை நடத்தாதீர்கள், வீட்டுக்குப் போன் போட்டு "என்ன நடக்குது" என்றும் கேட்காதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம்.

இன்னொரு வகை, துக்கம். ஒக்கி புயல் 2017 நவம்பர் 30ஆம் தேதி இந்த மாவட்டத்தை அடித்தது. சில வருஷம் கழித்து, கடற்கரை ஊரிலிருந்து வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதிய கதை இப்படித் தொடங்கியது: 'தி மேன் நாக்ட் ஆன் அவர் டோர். ஹிஸ் ஷர்ட் வாஸ் வெட்.' முதல் வரி, முன்பு சொல்லாத ஆள். 'எ மேன்' என்று திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். வேண்டுமென்றே போடும் 'தி' பாடத்தை அவளுக்கு நான் இன்னும் நடத்தவில்லை. அடுத்த வரியை வாசித்த பிறகுதான் புரிந்தது, அவளுக்கு அந்த ஆள் யாரென்று தெரியும். கதையில் அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார், அம்மா திறக்கப் போகிறாள், அங்கேயே நின்றுவிடுகிறது.

பேனாவை மூடி வைத்தேன். "இது யாருக்கும் வாசிக்கணுமா மக்களே?" என்றேன். வேண்டாம் என்றாள். அவள் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். ராத்திரி தூங்குவதில்லை என்று அவருக்கும் கவலை இருந்தது. மனநல உதவிக்கு 14416 என்று அரசின் இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கதைத் தாளைத் திருத்தாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், மதிப்பெண் போடவில்லை.